ஆகஸ்ட் பத்துக்குப் பிறகு டேவ் டிரவெக்கி

அமெரிக்க பேஸ்பால் வீரர் டேவ் டிரவெக்கியின் கதையைச் சொல்பவர்களில் பலர் 1989 ஆகஸ்ட் 10-ஆம் தேதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பந்து வீசும் தோளில் கட்டி வந்தது, தசையில் பாதியை வெட்டி எடுத்தார்கள், இனி வீசவே முடியாது என்றார்கள், பத்தே மாதத்தில் மனிதர் மைதானத்துக்குத் திரும்பி ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தார், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். நானும் முதலில் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில்தான் கேட்டேன். போதகர் அந்த இடத்தில் நிறுத்தினார், சபை கை தட்டியது. பல வருஷம் கழித்து, பேஸ்பாலில் ஆர்வம் வந்து தேடிப் படித்தபோதுதான் அந்த ஆகஸ்ட் 10-க்கு ஐந்து நாள் கழித்து என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டேன். அதற்கு அடுத்த இரண்டு வருஷத்தில் நடந்ததையும் படித்தேன். அன்று அந்தப் பிரசங்கத்தின் மேல் வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. டிரவெக்கியின் விசுவாசத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் ஆகஸ்ட் 10-க்குப் பிறகுதான் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். பிட்சர் என்பவர் நம்முடைய பந்துவீச்சாளர் மாதிரிதான், ஆனால் ஓடி வரமாட்டார். பத்து அங்குல உயரமுள்ள ஒரு மண்மேட்டில் நின்றுகொண்டு, அறுபது அடி ஆறு அங்குலத் தொலைவுக்குப் பந்தை எறிய வேண்டும். ஓட்டத்தில் கிடைக்கும் வேகம் இல்லாததால் கால், இடுப்பு, முதுகு என்று கீழிருந்து ஏறிவரும் விசை முழுக்கத் தோளில் வந்து இறங்குகிறது. கை பின்னால் போய், நின்று, முன்னால் சுழலும் அந்த நொடித்துளியில் மேல்கை எலும்பு ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கப்படுகிறது. தோள் சுழலும் வேகம் நொடிக்கு 7,000 டிகிரியைத் தாண்டும் என்று அளந்திருக்கிறார்கள். மனித உடம்பின் அசைவுகளிலேயே மிக வேகமானவற்றில் இதுவும் ஒன்று. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர் இதை ஒரே நாளில் நூறு தடவை செய்வார். அப்புறம் நாலு நாள் ஓய்வு, ஐந்தாம் நாள் மறுபடியும் மேட்டில் ஏறுவார். டிரவெக்கியின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு அசைவை நம்பித்தான் ஓடியது. அவர் இடதுகைக்காரர்.

பிறந்தது 1956-இல், ஒஹையோ மாநிலத்தின் யங்ஸ்டவுன் பக்கம். இரும்பு உருக்காலைகளால் வாழ்ந்த ஊர் அது. 1977 செப்டம்பரில் பெரிய ஆலை ஒன்றை மூடுவதாகத் திடீரென்று அறிவித்த நாளை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் 'கறுப்புத் திங்கள்' என்றுதான் சொல்வார்கள். அதற்கு மறுவருஷம், அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி டிரவெக்கியைத் தேர்ந்தெடுத்தது, அதுவும் 21-ஆவது சுற்றில். அவ்வளவு பின்னால் வருகிறவர்கள் மீது அணிகளுக்குப் பெரிய நம்பிக்கை இருக்காது. ஆட்களை நிரப்ப எடுப்பார்கள். வேகமும் அவருக்குப் பெரிதாகக் கிடையாது. வைத்த இடத்தில் பந்தை வைக்கும் கட்டுப்பாடுதான் அவருடைய சொத்து. பைரேட்ஸ் அவரை சான் டியேகோ பாட்ரேஸ் அணிக்கு விட்டுக்கொடுத்தது. 1981-இல் டெக்சாஸின் அமரில்லோவில், பாட்ரேஸின் கீழ்நிலை அணியில் ஆடிக்கொண்டிருந்தார்.

கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. ஆனால் வேதத்தைத் தானாக எடுத்து உட்கார்ந்து படித்தது அந்த அமரில்லோவில்தான். அறைத்தோழராக வந்த ஒரு சக பிட்சர் வேதத்தில் ஊறியவர். டிரவெக்கி கேட்ட கேள்விக்கெல்லாம் தன் கருத்தைச் சொல்லாமல், வசனத்தைக் காட்டிப் படிக்கச் சொல்வாராம். டேவும் அவர் மனைவி ஜேனும் அந்த வருஷம் சேர்ந்தே கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார்கள். கீழ்நிலை பேஸ்பாலில் சம்பளம் சொற்பம், பேருந்தில் இரவெல்லாம் பயணம், அடுத்த மாதம் எந்த ஊரில் இருப்போம் என்று தெரியாது. அந்த வாழ்க்கையில் இருந்தபோது வந்த விசுவாசம் இது. புகழ் அதற்குப் பிறகுதான் வந்தது.

1982 ஜூனில் மேஜர் லீக் என்ற உச்ச நிலைப் போட்டிக்கு வந்தார். 1983-இல், சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். 1984-இல் பாட்ரேஸ் முதல்முறையாக, பருவத்தின் இறுதிக் கோப்பைப் போட்டியான உலகத் தொடருக்குப் போனது. டெட்ராய்ட் டைகர்ஸிடம் தோற்றாலும், அந்த அக்டோபர் முழுவதும் டிரவெக்கி வீசியதில் எதிரணி ஒரு ரன்கூட எடுக்கவில்லை.

பிரசங்கத்தில் வராத இன்னொரு விஷயமும் அந்த வருஷத்தில்தான் வெளியே தெரிந்தது. டிரவெக்கி, எரிக் ஷோ, மார்க் தர்மண்ட் என்று பாட்ரேஸின் மூன்று பிட்சர்கள் ஜான் பர்ச் சொசைட்டி என்ற அமைப்பின் உறுப்பினர்கள். கம்யூனிச எதிர்ப்பில் தொடங்கி, எங்கு பார்த்தாலும் சதி இருப்பதாகச் சொன்ன தீவிர வலதுசாரி அமைப்பு அது. கறுப்பின மக்களின் சம உரிமைக்கான 1964-ஆம் வருஷச் சட்டத்தை எதிர்த்த அமைப்பும் அதுதான். ஒரே அணியில் கறுப்பின வீரர்களோடு சேர்ந்து ஆடுகிறவர்கள் இதில் இருக்கலாமா என்று பத்திரிகைகள் கேட்டன. நியாயமான கேள்வி. விசுவாசம் ஆழமாக இருப்பவர் அரசியலிலும் தெளிவாக இருப்பார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படியெல்லாம் கிடையாது. டிரவெக்கியை நான் நேசிக்கிறேன், ஆனால் இதை விட்டுவிட்டு அவர் கதையை எழுதினால் நானும் அந்தப் போதகர் செய்ததைத்தான் செய்கிறேன்.

எரிக் ஷோவைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவரும் பிட்சர், அவரும் மறுபடி பிறந்த கிறிஸ்தவர். ஜாஸ் கிட்டார் வாசிப்பார், இயற்பியல் படித்தவர், உடைமாற்றும் அறையில் மற்றவர்களோடு அவ்வளவாக ஒட்டாதவர். 1985 செப்டம்பர் 11-இல் சின்சினாட்டி வீரர் பீட் ரோஸ் தன் 4,192-ஆவது ஹிட்டை (பந்தை அடித்துப் பத்திரமாக ஓடி இடம்பிடிப்பதுதான் ஹிட்) அடித்து பழைய சாதனையை முறியடித்தது ஷோவின் பந்தில்தான். சின்சினாட்டி மைதானமே எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருக்க, ஷோ மேட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். முதுகு வலி, வலி மாத்திரை, அப்புறம் போதைப்பழக்கம். 1994 மார்ச்சில், போதை மறுவாழ்வு இல்லம் ஒன்றில், 37 வயதில் இறந்தார். ஒரே அணியில் ஒரே வேதத்தை வாசித்த இரண்டு பேர். ஒருவருக்குக் கை போனது, இன்னொருவருக்கு உயிரே போனது. ஷோவின் விசுவாசம் குறைவானது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பெயரை எந்த மேடையிலும் நான் கேட்டதே இல்லை.

சரி, டிரவெக்கிக்கு வருவோம். 1987 ஜூலையில் பாட்ரேஸ் அவரை சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு மாற்றியது. ஜயன்ட்ஸ் அந்த வருஷம் பிளேஆஃப், அதாவது உலகத் தொடருக்கு முந்தைய தகுதித் தொடர், வரை போனது. அக்டோபர் 7-ஆம் தேதி, செயின்ட் லூயிஸில், கார்டினல்ஸ் அணிக்கு எதிராக முழு ஆட்டத்தையும் அவரே வீசினார். இரண்டே ஹிட், ரன் இல்லை, 5-0 வெற்றி. ஆறு நாள் கழித்து அதே தொடரின் ஆறாவது ஆட்டத்திலும் அபாரமாக வீசினார். ஆனால் வலப்பக்க ஃபீல்டரின் கண்ணில் விளக்கு வெளிச்சம் பட்டு அவர் பந்தைத் தவறவிட, அந்த ஒரு ரன்னில் ஜயன்ட்ஸ் 1-0 என்று தோற்றது. பிளேஆஃபும் உலகத் தொடரும் சேர்த்து அவருடைய கணக்கில் 25 இன்னிங்ஸுக்கு மேல் இருக்கிறது (பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்), கொடுத்தது ஒரே ஒரு ரன். பெரிய ஆட்டத்தில் கை நடுங்காத மனிதர்.

அந்தப் பருவம் முடியும் சமயத்தில்தான் இடது மேல்கையில் ஒரு சின்ன உருண்டை தட்டுப்பட்டது. வலி இல்லை. பரிசோதித்துப் பார்த்தார்கள், பயப்பட ஒன்றுமில்லை, கவனித்து வாருங்கள் என்றார்கள். 1988 பருவத்தின் முதல் நாள் லாஸ் ஏஞ்சலிஸில் டாட்ஜர்ஸை வென்று கொடுத்தார். அப்புறம் தோள் வலி, ஒரு அறுவை சிகிச்சை, அந்த வருஷம் மொத்தமே ஏழு ஆட்டம். இதற்கிடையில் உருண்டை வளர்ந்துகொண்டே போனது. செப்டம்பரில் சதையை எடுத்துப் பரிசோதித்தபோது டெஸ்மாய்ட் கட்டி என்று தெரிந்தது. இந்த வகைக் கட்டி வழக்கமான புற்றுநோய் போல ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவாது. ஆனால் இருக்கிற இடத்தில் வேர்விட்டுச் சுற்றியுள்ள சதையைத் தின்னும், வெட்டி எடுத்தாலும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப முளைக்கும்.

அறுவை சிகிச்சை 1988 அக்டோபர் 7-இல், கிளீவ்லாண்ட் கிளினிக்கில் நடந்தது. கார்டினல்ஸுக்கு எதிரான அந்த ஆட்டத்துக்குச் சரியாக ஒரு வருஷம். டெல்டாய்ட் எனும் தோள் தசையில் பாதியை எடுத்தார்கள். கட்டி எலும்போடு ஒட்டியிருந்ததால், மிச்சமிருக்கக்கூடிய செல்களைக் கொல்ல மேல்கை எலும்பின் ஒரு பகுதியை உறையவைத்தார்கள். இந்த உறையவைத்தலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்யும்போது எலும்பில் இருக்கும் உயிரும் சேர்ந்து சாகிறது. பழைய பலம் திரும்ப வெகுகாலம் பிடிக்கும். அதுவரை அது சாதாரண எலும்பு மாதிரித்தான் தெரியும், ஆனால் முறுக்குத் தாங்காது.

அற்புதம் நடந்தாலொழிய இனி நீங்கள் பந்து வீச முடியாது என்று டாக்டர் சொன்னதாக டிரவெக்கியே சொல்லியிருக்கிறார். பிள்ளைகளோடு கொல்லையில் பந்து எறிந்து விளையாட முடிந்தாலே பெரிய காரியம் என்பதுதான் அப்போதைய கணக்கு. ஆனால் உடம்பு வேறு கணக்குப் போட்டது. சில மாதங்களிலேயே, இல்லாத தசையின் வேலையைச் சுற்றியுள்ள தசைகள் எடுத்துக்கொண்டு, பந்து வீசும் அசைவைச் செய்ய முடிந்தது. அதைப் பார்த்து டாக்டர்களே அசந்துபோனார்கள். 1989 ஜூலையில் கீழ்நிலை அணிகளில் வீசிப் பார்த்தார்கள். கை தாங்கியது.

ஆகஸ்ட் 10. ஜயன்ட்ஸின் சொந்த மைதானமான கேண்டில்ஸ்டிக் பார்க், எதிரணி சின்சினாட்டி ரெட்ஸ். வந்திருந்தவர்கள் 34,810 பேர். அவர் மைதானத்தில் கால் வைத்தபோதே எழுந்து நின்றார்கள், ஆட்டம் முழுவதும் திரும்பத் திரும்ப எழுந்து நின்றார்கள். முதல் பந்துக்கு முன்னால் மேட்டுக்குப் பின்புறம் போய் நின்று நன்றி சொல்லி ஜெபித்தார். ஏழு இன்னிங்ஸ் வரை ரெட்ஸ் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. எட்டாவதில் லூயிஸ் கின்யோனெஸ் பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பி, மூன்று ரன் தரும் ஹோம் ரன் ஒன்றை அடித்து 4-3 ஆக்கினார். டிரவெக்கி அந்த இன்னிங்ஸை முடித்துக் கொடுத்தார், ஒன்பதாவதைச் சக பிட்சர் ஸ்டீவ் பெட்ரோசியன் பார்த்துக்கொண்டார். வெற்றி. பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்ததும் டிரவெக்கி முதலில் சொன்னது இயேசு கிறிஸ்துவுக்கு நன்றி. அற்புதம் என்ற சொல் மறுநாள் எல்லா இடத்திலும் இருந்தது, விசுவாசமே இல்லாத விளையாட்டு எழுத்தாளர்களின் பத்திகளிலும்கூட.

அந்த நாளை நான் குறைத்துப் பேசவில்லை. பாதித் தோளோடு ஒரு மனிதர் உலகின் சிறந்த பேட்டர்களை எட்டு இன்னிங்ஸ் கட்டி வைத்ததை வேறு எப்படிச் சொல்வது? ஆனால் அடுத்த முறை அவர் மேட்டில் ஏறியது ஐந்து நாள் கழித்து.

ஆகஸ்ட் 15, மாண்ட்ரியல் ஒலிம்பிக் ஸ்டேடியம். முதல் ஐந்து இன்னிங்ஸ் ரன் இல்லை. நடுவில் கையில் ஏதோ ஒரு கூச்சம் இருந்ததாக அவர் பிறகு சொன்னார். ஆறாவது இன்னிங்ஸில் முதல் பேட்டர் ஹோம் ரன் அடித்தார். அடுத்தவர் ஆந்த்ரேஸ் கலராகா, பந்து அவர் மேலேயே பட்டது. டிரவெக்கி அப்படிக் கட்டுப்பாடு தவறுகிறவர் இல்லை. அடுத்து டிம் ரெய்ன்ஸ். கையைச் சுழற்றினார். பந்து எங்கோ போனது. 'டக்' என்ற சத்தம் மைதானத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது. டிரவெக்கி இடது கையை வலது கையால் பிடித்தபடி முன்னால் சரிந்து, மேட்டிலிருந்து உருண்டு விழுந்தார். முதலில் ஓடி வந்தவர்களில் சக வீரர் வில் கிளார்க்கும் ஒருவர். உறையவைத்த அந்த எலும்பு முறுக்குத் தாங்காமல் முறிந்திருந்தது. ஆட்டத்தை ஜயன்ட்ஸ் 3-2 என்று ஜெயித்தது, பேஸ்பாலில் ஒவ்வொரு வெற்றியும் தோல்வியும் ஒரு பிட்சரின் கணக்கில் சேரும், இந்த வெற்றி டிரவெக்கியின் பெயரில் எழுதப்பட்டது. 1989-இல் அவர் கணக்கு இரண்டு ஆட்டம், இரண்டு வெற்றி. அதற்குப் பிறகு அவர் வீசவே இல்லை.

மேல்கை எலும்பு முறிவது பிட்சர்களுக்கு அபூர்வமாக நடக்கிற ஒன்றுதான். 1994-இல் டாம் பிரவுனிங்கிற்கு நடந்தது, 1999-இல் டோனி சாண்டர்ஸுக்கு நடந்தது. சாண்டர்ஸ் திரும்பி வர முயன்று மறுபடி அதே எலும்பு உடைந்து ஆட்டத்தையே விட்டார். ஆக இது தேவகோபமும் இல்லை, சாத்தானின் தாக்குதலும் இல்லை. முறுக்கு விசைக்கு எலும்பு ஈடுகொடுக்கவில்லை, அவ்வளவே. ஆனால் ஐந்து நாள் முன்பு அற்புதம் என்று சொன்ன வாய்க்கு இப்போது விளக்கம் தேவைப்பட்டது. விளக்கங்கள் வந்து குவிந்தன.

அக்டோபர் 9-இல் ஜயன்ட்ஸ் சிகாகோ கப்ஸ் அணியை வென்று உலகத் தொடருக்குத் தகுதி பெற்றபோது, கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த டிரவெக்கியும் கொண்டாட மைதானத்துக்குள் ஓடினார். கூட்டத்தில் யாரோ மோத, அதே கை இன்னொரு இடத்தில் உடைந்தது. அந்த எக்ஸ்ரேயைப் பார்த்தபோதுதான் கட்டி திரும்பி வந்திருப்பது தெரிந்தது. உலகத் தொடர் நடந்துகொண்டிருந்த அக்டோபர் 17-இல் சான் பிரான்சிஸ்கோவைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது, அந்தப் பருவத்தை உலகம் நினைவில் வைத்திருப்பது அதற்காகத்தான். நவம்பரில் டிரவெக்கி ஓய்வை அறிவித்தார். எட்டு பருவங்கள், 64 வெற்றி, 57 தோல்வி. வயது 33.

அடுத்த பதினெட்டு மாதம் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். வெட்டினார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள், புண்ணில் கிருமித்தொற்று வந்து ஆறவே மறுத்தது. 1991 ஜூன் 18-இல் இடது கையை முழுவதுமாக எடுத்தார்கள். கை மட்டும் இல்லை, தோள்பட்டை எலும்பையும், அந்தப் பக்கத்துக் காறை எலும்பையும் சேர்த்து. கை போனவர்களுக்குச் சட்டையின் ஒரு பக்கமாவது தோளில் நிற்கும். இவருக்கு அந்தத் தோளும் இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு அவர் மேல் மரியாதை கூடுகிறது. அறுவை சிகிச்சை முடிந்து எழுந்து உட்கார்ந்ததும், எல்லாம் நன்மைக்கே என்று அவர் பேசிவிட்டுப் போயிருக்கலாம். கேட்க மேடைகள் காத்திருந்தன. முதலில் அவரும் அப்படித்தான் தைரியமாக இருந்தார். போகப் போக எரிச்சலும் கோபமும் வந்தது, வீட்டில் பிள்ளைகள் மேல் பாய்ந்தார், மனச்சோர்வில் விழுந்தார். இதையெல்லாம் அவரே பிறகு மறைக்காமல் எழுதினார். சின்ன வயதிலிருந்து ஊர் அவரைப் பார்த்தது அந்தக் கைக்காக. பள்ளிக்கூடத்தில் பெயர் கிடைத்தது, வேலை கிடைத்தது, அப்பாவோடு பேச்சு ஓடியது எல்லாமே அந்தக் கையால். கை போனால் நான் யார் என்ற கேள்வி அவருக்கு நிஜமாகவே எழுந்தது. விசுவாசிக்கு இந்தக் கேள்வி எழக்கூடாது என்று நினைக்கிறவர்கள் சங்கீதங்களை வாசிக்காதவர்கள்.

ஜேனின் நிலைமை இன்னும் மோசம். டேவுக்குச் சிகிச்சை நடந்த காலத்தில் கடிதங்களுக்கும் தொலைபேசிகளுக்கும் பதில் சொல்லி, இரண்டு சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, வெளியே சிரித்த முகத்தோடு நின்றவர் அவர்தான். ஒரு நாள் மூச்சு முட்டி, நெஞ்சு படபடத்து, செத்துப்போகப் போகிறோம் என்று நடுங்க ஆரம்பித்தார். அது மனநோயின் பதற்றம் என்று புரியவே நாளானது. அவர் பழகிய சபைச் சூழலில் மனச்சோர்வு என்றால் ஜெபம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். மருந்தும் மனநல ஆலோசனையும் வேண்டாம், வேதமே போதும் என்ற அறிவுரைதான் முதலில் கிடைத்தது. அவர் இன்னும் கீழே போனார். பிறகுதான் டாக்டரிடம் போய், மருந்து எடுத்து, ஆலோசகரிடம் பேசி மெல்ல மீண்டார். அதை அவர் தனிப் புத்தகமாகவே எழுதினார்.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் பக்கத்துச் சபைகள் ஞாபகம் வந்தன. சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவர்களுக்கு ஒரு எழுதாத விதி உண்டு. வியாதி வந்தது, ஜெபித்தோம், சுகமானது. வேலை போனது, உபவாசம் இருந்தோம், வேலை கிடைத்தது. சுகமாகாதவர்கள் எழுந்து நிற்பதே இல்லை. எழுந்தால் என்ன சொல்வார்கள்? பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அக்கா மெதுவாக, "விசுவாசத்தோடதான் ஜெபிச்சியாம்மா?" என்று கேட்பார். அன்பில்தான் கேட்பார். யோபுவின் நண்பர்களும் அன்பில்தான் வந்தார்கள், ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்து வாயே திறக்கவில்லை. அவர்கள் கெட்டது வாயைத் திறந்த பிறகுதான். தூக்கமில்லாமல் தவித்த என் சொந்தக்காரப் பெண் ஒருவர், மாத்திரை எடுப்பது சபையில் யாருக்கும் தெரியக்கூடாது என்று மருந்துப் பெட்டியைப் புடவைகளுக்கு நடுவே ஒளித்து வைத்திருந்தார். ஜேன் டிரவெக்கி எழுதியது அவருக்குத் தமிழில் கிடைத்திருக்க வேண்டும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

டிரவெக்கி தம்பதி கை போன அதே 1991-இல் ஒரு ஊழியத்தைத் தொடங்கினார்கள். புற்றுநோய்க்காரர்களுக்கும், கை கால் இழந்தவர்களுக்கும், அவர்கள் குடும்பங்களுக்கும். கொலராடோவிலிருந்து நடத்தினார்கள். சுகமளிக்கும் கூட்டம் போடவில்லை, உங்களுக்கும் அற்புதம் நடக்கும் என்று கடிதம் எழுதவில்லை. எழுதினால் யார் நம்புவார்கள், எழுதுகிற மனிதருக்கே ஒரு கை இல்லையே. என் பார்வையில் அதுதான் அவர்களுடைய பலம். ஒரு அறுவை சிகிச்சைக்கு முன்தினம் பயந்துகொண்டிருக்கிறவரிடம், நானும் பயந்தேன் என்று சொல்ல அவரால் முடிந்தது. மருந்து எடுக்கலாமா என்று தயங்குகிற மனைவிகளிடம், எடுங்கள், நானும் எடுத்தேன் என்று ஜேனால் சொல்ல முடிந்தது. ஆகஸ்ட் 10-ஆம் தேதி டிரவெக்கியால் இந்த வேலையைச் செய்திருக்க முடியாது. அன்றைய டிரவெக்கியைப் பார்த்து ஒரு நோயாளிக்கு நம்பிக்கை வரும், கூடவே எனக்கு ஏன் அப்படி நடக்கவில்லை என்ற குற்றவுணர்வும் வரும்.

அப்படியானால் ஆகஸ்ட் 10 அற்புதமா இல்லையா என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். அற்புதம்தான் என்று நான் நம்புகிறேன். ஐந்து நாள் அற்புதம். தாவீது ஜெபித்தும் குழந்தை இறந்தது, பவுல் மூன்று தரம் கேட்டும் முள் எடுபடவில்லை, இதெல்லாம் அதே வேதத்தில் இருக்கிறது. ஆண்டவர் ஒரு மனிதருக்கு ஒரு மாலைப்பொழுதைக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் அந்தக் கையைக் காப்பாற்றாமல் இருக்கலாம். எனக்கு அது பிடித்திருக்கிறதா என்றால் இல்லை. ஆனால் டிரவெக்கிக்குப் பிடிக்காததும் அதுவேதான், அவர் அதை முகத்துக்கு நேரே கேட்டார், கோபப்பட்டார், அப்புறமும் விட்டுப் போகவில்லை.

பிற்காலத்தில் அவர் கலிபோர்னியாவுக்குத் திரும்பி, ஜயன்ட்ஸின் சார்பில் மக்களைச் சந்திக்கும் தூதராகவும் இருந்தார். பழைய ரசிகர்கள் பலர் அவரிடம் அந்த ஆகஸ்ட் 10 ஆட்டத்தைப் பற்றித்தான் பேசுவார்கள், அவரும் சந்தோஷமாகப் பேசுவார். நம் பிரசங்கிமார் அடுத்த முறை இந்தக் கதையை எடுத்தால் மாண்ட்ரியலையும், ஸ்லோன் கெட்டரிங்கையும், ஜேனின் மாத்திரையையும் சேர்த்துச் சொல்லட்டும். நேரம் போதவில்லை என்றால் ஆகஸ்ட் 10-ஐ விட்டுவிடலாம்.